தூக்க முடிகிற தோணி

கரையில் நின்று தூண்டில் போடுகிறவனுக்கு மீன் எப்போதும் எறிதூரத்துக்கு அப்பால்தான் நிற்கும். ஒன்ராறியோவில், ஸ்கூகொக் ஏரியின் போர்ட் பெரி துறையில் நின்ற காலமெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான். கோடையில் துறைக்கு முன்னால் பாசி தண்ணீர் மட்டம்வரை எழும்பிப் படர்ந்து கிடக்கும். அதன் வெளி விளிம்பில் பாஸ் மீன் இரையை அடிக்கும் சத்தம் கேட்கும்; வட்டம் விரியும். என் தூண்டில் பாதித் தூரம் போய்ப் பாசியில் விழுந்து, ஒரு பிடி பாசியோடு திரும்பி வரும். பக்கத்தில் நின்று எறிகிறவருக்கும் அதே கதைதான். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் பாசியைப் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி போடுவோம்.

ஸ்கூகொக் ஆழமில்லாத ஏரி. 1830களில் லின்ட்சேயில் ஓர் ஆலைக்காக ஆற்றை மறித்து அணை கட்டியபோது மேலே இருந்த தாழ்நிலமும் சதுப்பும் மூழ்கி இப்படிப் பரந்தது. பல இடங்களில் ஆளுயரம்கூட இல்லை. வெயில் அடிமட்டம்வரை இறங்குவதால் பாசி கொழுக்கிறது. பாசி கொழுப்பதால் பாஸ், சன்ஃபிஷ், கிராப்பி, மஸ்கி எல்லாம் அதற்குள்ளேயே குடியிருக்கின்றன. மோட்டார்ப் படகு வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போனால் விசிறியில் பாசி சுற்றிக்கொள்ள, நின்று நின்று வெட்டி எடுப்பார்கள். ஒருநாள் மாலை, பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பையன் ஆரஞ்சு நிறக் கயாக்கில் அந்தப் பாசியின் நடுவே சறுக்கிக்கொண்டு போனான். ஒரு சாண் தண்ணீர் போதுமாயிருந்தது அவனுக்கு. விளிம்பில் போய் நின்று, இரண்டாவது எறியிலேயே தடியை வளைத்தான்.

அன்றைக்கே வாங்குவது என்று தீர்மானித்துவிட்டேன். எதை வாங்குவது என்று தீர்மானிக்கத்தான் காலம் எடுத்தது.

நான் கிளிநொச்சிக்காரன். இரணைமடுவும் அதன் வாய்க்கால்களும்தான் நான் மீன் பிடிக்கப் பழகிய இடம். விரால் என்றால் எனக்கு உயிர். (உயிருள்ள விராலைக் கையில் வைத்திருப்பதே ஒன்ராறியோவில் சட்டவிரோதம். இங்குள்ள மீன்களை அழித்துவிடும் என்ற பயம். பயத்தில் நியாயம் உண்டு. விராலோடு பழகியவனுக்கு அது தெரியும்.) குளத்து மீனுக்கு நான் ஒருநாளும் தோணி தேடியதில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றால் போதும். கடல் எனக்குத் தெரியாது. அதனால் தோணி பற்றிய கேள்வியோடு நான் போனது மயிலிட்டி அண்ணையிடம்.

அண்ணைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. 1990இல் போரால் மயிலிட்டியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அவரும் வெளிக்கிட்டவர். ஸ்கார்பரோவில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் இரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். வடகடலில் தெப்பத்தில் தொழில் செய்த ஆளுக்கு இந்த ஊர் ஏரிகள் மேல் பெரிய மரியாதை கிடையாது. "உது கடலே? கழுவின தண்ணி," என்பார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் முதல் ஆளாகக் காரில் ஏறி இருப்பார்.

நான் கைபேசியில் இரண்டு வகைக் கயாக்கையும் காட்டினேன். ஒன்று, உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை. இடுப்புக்குக் கீழே உடம்பு தோணிக்குள் இருக்கும். மற்றது, மேலே உட்காரும் வகை. மேல்தட்டு மூடியிருக்கும், அதில் நாற்காலி, தட்டிலிருந்து அடிப்பக்கம்வரை சில துளைகள். அலையடித்து ஏறும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகத் தானே இறங்கிவிடும். உள்ளே உட்காரும் வகைக்கு ஆதரவாகப் பலர் பேசக் கேட்டிருந்தேன். உடம்பு நனையாது, குளிர் காலத்துக்குக் காப்பு, அதே நீளத்தில் எடை குறைவு, வேகம் அதிகம் என்றார்கள். எல்லாம் உண்மை.

அண்ணை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதுக்குள்ள தண்ணி ஏறினா?"

"வாளியால அள்ளி ஊத்த வேணும். இல்லாட்டிக் கரைக்கு இழுத்துக் கவிழ்க்க வேணும்."

"நடு ஏரியில ஆர் உமக்குக் கவிழ்த்துத் தாறது?" மற்றப் படத்தைத் தட்டினார். "இது எங்கட தெப்பம். தெப்பத்துக்குள்ள தண்ணி வராது. ஏனெண்டா உள்ளெண்டு ஒண்டு இல்லை."

இதற்குப் பிறகு நான் வாசித்த எதிலும் இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் தண்ணீர் இடைவெளியால் ஏறி இடைவெளியால் இறங்கும். பிளாஸ்டிக்கில் துளை போட்டவர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள். கவிழ்ந்தால் நிமிர்த்திவிட்டு மேலே ஏறிக்கொள்ளலாம். அள்ள ஒன்றும் இல்லை. தூண்டில்காரனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கொக்கி, கத்தி, துள்ளுகிற மீன் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு குழிக்குள் இருக்கத் தேவையில்லை. பின்பக்கம் நனையும், அவ்வளவுதான்.

வகை முடிவாயிற்று. அடுத்து ஆசை வந்தது. மனிதனுக்கு ஆசை வருவது கடையில்தான்.

வசந்த காலத்தில் சில கடைக்காரர்கள் தங்கள் கயாக்குகளை ஏதாவது ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து இறக்கி, ஆட்களை ஏற்றி ஓட்டிப் பார்க்க விடுவார்கள். காசு வாங்குவதில்லை, லைஃப் ஜாக்கெட்டும் தருவார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை நானும் அண்ணையும் போனோம். அங்கே காலால் மிதிக்கிற கயாக் ஒன்று இருந்தது. ஹோபி நிறுவனம் 1997இல் இந்த வழியைத் தொடங்கிவைத்தது. அவர்களுடையதில் மிதிக்க மிதிக்க அடியில் இரண்டு துடுப்புத் தகடுகள் பென்குயின் சிறகு மாதிரி இருபக்கமும் வீசும். வேறு சிலர் சைக்கிள் மாதிரிச் சுற்றி விசிறியை ஓட்டுகிறார்கள். கை இரண்டும் தூண்டிலுக்கு மிச்சம். காற்றுக்கு எதிரே ஓரிடத்தில் நின்றுகொண்டே எறியலாம். நாற்காலியோ என் வீட்டுச் சோபாவைவிடச் சுகம். அன்று காற்று பலமாக அடித்தது. மற்றவர்கள் துடுப்போடு மல்லுக்கட்ட, நான் கைகட்டிக்கொண்டு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

இறங்கியதும் விலையைக் கேட்டேன். மூவாயிரம் டாலருக்கு மேல். அதையாவது தவணையில் கட்டலாம் என்று மனம் கணக்குப் போட்டது. அடுத்து எடையைக் கேட்டேன். எல்லாம் பூட்டினால் நூறு இறாத்தலுக்கு மேல். அண்ணை முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்து ஒரு தரம் தூக்கிப் பார்த்தார், வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த கயாக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டில் கதை வேறு திசையில் போயிற்று. மனைவி கயாக்கின் நிறத்தையோ வேகத்தையோ கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "எங்க வைக்கிறது? ஆர் காருக்கு மேல ஏத்துறது? நீங்கள் விழுந்தா ஆர் எனக்கு வந்து சொல்லுறது?"

முதல் கேள்விக்கு அளவுநாடாவோடு கராஜுக்குள் போனேன். ஒரு கார் நிற்கிற கராஜ். ஒரு சுவரோரம் பெரிய ஃப்ரீசர். அதற்குள் ஒரு குடும்பத்துக்கு ஆறு மாதத்துக்குத் தேவையான மீனும் ஆட்டிறைச்சியும் முருங்கையிலையும். அதை அசைக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மற்றச் சுவரில், கதவின் தண்டவாளத்தையும் உள்வாசல் படியையும் கழித்தால் பதினோரு அடி மிச்சம். ஆக, பன்னிரண்டு அடிக் கயாக்கு என்ற பேச்சு அந்த நிமிடத்தோடு முடிந்தது. அதுவரை, நீளம் பற்றி நான் வாசித்ததெல்லாம் தண்ணீரில் அது என்ன செய்யும் என்பதுதான். நீண்டால் நேராகப் போகும், வேகம் கூடும். குறுகினால் சட்டென்று திரும்பும், நேராக ஓட்டக் கை அலையும். சரிதான். என்றாலும் என் கயாக்கின் நீளத்தைத் தீர்மானித்தது ஆட்டிறைச்சி ஃப்ரீசர்.

இரண்டாவது கேள்விக்கு அரிசி மூட்டை உதவிற்று. எங்கள் கடைகளில் நாற்பது இறாத்தல் மூட்டை விற்கும். அதை இடுப்புக்குத் தூக்கி, பிறகு காரின் கூரை உயரத்துக்கு ஏற்றிப் பார்த்தேன். ஏறியது. இன்னொரு இருபது இறாத்தல் மூட்டையைச் சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். ஏறியது, ஆனால் முதுகு ஒரு எச்சரிக்கை அனுப்பிற்று. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கொரோலாக் கார். போவது பெரும்பாலும் தனியாக, விடியற்காலை நாலரைக்கு. துறையில் கை கொடுக்க ஆள் இருக்கும் என்று நம்ப முடியாது. எனவே, அறுபது இறாத்தலுக்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று எழுதிவைத்தேன்.

கயாக் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் என்னைக் கைவிட்டார்கள். எந்த மீனுக்கு எது, எந்த அலைக்கு எது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கராஜில் இருந்து தண்ணீர்வரை அதைக் கொண்டுபோகிற ஒரு மணி நேரத்தைப் பற்றி ஒரு வரியோடு சரி. அந்த ஒரு மணி நேரம் சிரமமாக இருந்தால், ஆனி கழிந்து ஆடியில் சாட்டுச் சொல்லத் தொடங்குவோம். ஆவணியில் சுவரில் தொங்கும். எங்கள் தெருவிலேயே அப்படித் தொங்குகிறவை உண்டு. பின்வளவில் தலைகீழாகக் கிடந்து அணில் கூடு கட்டியதும் உண்டு.

அந்த வருடக் கோடையில் பீற்றர்பரோவில் உள்ள கனேடியக் கனூ அருங்காட்சியகத்துக்குப் போனோம். கர்க் விப்பர் என்பவர் ஒரு கோடை முகாமில் சேர்த்துவைத்த படகுகளில் தொடங்கியது அது. 2024இல் லிட்டில் லேக் கரையில் புதிய கட்டடத்துக்கு மாறியிருக்கிறது. கனூக்களோடு கயாக்குகளும் இருக்கின்றன. ஆர்க்டிக் பகுதி மக்கள் கடலில் மிதந்து வந்த மரத்திலும் எலும்பிலும் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்துச் செய்தவை. அங்கே நான் அதிக நேரம் நின்றது அவற்றின் முன்தான். ஒவ்வொரு கயாக்கும் ஒரு தனி மனிதனின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது. கிரீன்லாந்துப் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்வார்கள்: நீளம், இரு கையையும் விரித்த அளவில் மூன்று மடங்கு, குழியின் அகலம், இடுப்பும் இருபக்கமும் ஒவ்வொரு முட்டியும். வேட்டைக்காரன் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்தான். கடையில் இருப்பது ஒரு பொது ஆளுக்கு அச்சில் வார்த்த பிளாஸ்டிக். அதில் என் உடம்புக்குப் பொருந்துகிற அளவைத் தேடி எடுக்கும் வேலை மட்டும்தான் எனக்கு.

அகலத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. எழுந்து நின்று எறிய வேண்டுமானால் 33, 34 அங்குலம் வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு அகலம் போனால் தோணி பாரமாகும், துடுப்பு போட அடுத்த பக்கம் எட்டாது. இன்னொரு விஷயமும் ஓட்டிப் பார்த்ததில் பிடிபட்டது. தட்டையான அடிப்பக்கம் உள்ளது ஏறியவுடன் அசையாமல் நிற்கும். "ஆகா" என்று தோன்றும். ஓர் எல்லைக்கு மேல் சரிந்தால் திடீரென்று போய்விடும். கொஞ்சம் வளைந்த அடி உள்ளது ஏறும்போதே ஆடும், பயம் காட்டும். ஆனால் பக்கத்து அலையில் சரிந்தாலும் தாங்கிக்கொள்ளும். ஏரிகளில் பெரிய மோட்டார்ப் படகு கடந்து போகும்போது இந்த வித்தியாசம் தெரியும். நான் நின்று எறிகிற ஆள் இல்லை. இருந்து எறிவேன். 30, 31 அங்குலம் எனக்குப் போதும்.

இனித் தாங்கும் எடை. கயாக்கில் எழுதியிருக்கும் அளவு, அது மூழ்கிப்போகாமல் சுமக்கும் எல்லை. அந்த அளவுக்கு ஏற்றினால் மேல்தட்டில் தண்ணீர் நிற்கும், துளைகளால் கீழிருந்து மேலே வரும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. நான் 170 இறாத்தல். தடி, பெட்டி, நங்கூரம், சாப்பாடு எல்லாம் ஒரு நாற்பது. 320க்குக் குறையாமல் தாங்குகிற ஒன்றைத் தேட வேண்டும் என்று கணக்கு வந்தது.

தேடத் தொடங்கியது செப்டம்பர் கடைசியில். புதிது வாங்க எனக்கு மனமில்லை. இலை நிறம் மாறத் தொடங்கினால் போதும், இந்த ஊரில் கயாக் விற்கிறவர்கள் கூடிவிடுவார்கள். இன்னொரு குளிர்காலம் அதைக் கொட்டிலில் வைத்திருக்க யாருக்கும் விருப்பமில்லை. மே மாதத்தில் சொல்லும் விலைக்கும் அக்டோபரில் சொல்லும் விலைக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். லின்ட்சேக்கு அப்பால் ஒரு பண்ணை வீட்டில் பத்தரை அடி, 31 அங்குலம், 55 இறாத்தலில் ஒன்று இருக்கிறது என்று அறிந்து அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணை வீட்டுக்காரருக்கு வணக்கம் சொன்ன கையோடு தோணியைக் கவிழ்த்தார். முதலில் பின்பக்க நுனி. கயாக்கை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் முன்னால் பிடித்து இழுப்பார்கள். பின்நுனி கல்லிலும் தாரிலும் உரசித் தேயும். அங்கே பிளாஸ்டிக் தாள்போல் மெலிந்திருந்தால் விட்டுவிட வேண்டும். பிறகு துளைகளைச் சுற்றி விரல்விட்டுத் தடவினார். வெடிப்பு தொடங்குவது அங்கேதான். அடிப்பக்கத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். வெயிலில் இறுக்கிக் கட்டி வைத்தால் அப்படி விழும். சின்னதென்றால் சூட்டில் சரியாகிவிடும். கடைசியாக இரண்டு பேருமாகத் தூக்கி ஒரு பக்கம் சரித்துக் காதை வைத்தோம். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் இருந்தால் எங்கோ ஓட்டை. சத்தம் இல்லை. நிறம் மட்டும் ஒரு பக்கம் வெளிறியிருந்தது.

"நிறத்தை மீன் பாக்கப் போகுதே?" என்றார் அண்ணை. வாங்கினோம். வீட்டுக்காரர் கேட்ட விலையில் ஐம்பது டாலர் குறைத்து, பழைய துடுப்பு ஒன்றையும் சேர்த்துத் தந்தார்.

அந்தத் துடுப்பு 220 சென்ரிமீற்றர். ஒடுங்கிய கயாக்குக்கு அது சரி. உயரமான இருக்கையும் அகலமும் உள்ள மீன்பிடிக் கயாக்கில் கை முட்டி பக்கவாட்டில் இடித்துக்கொண்டே இருக்கும். 240இல் பாரம் குறைந்த ஒன்றை வாங்கினேன். முதல் கயாக்கை வாங்கிய பிறகு காசு மிஞ்சினால் அதைத் துடுப்பில் போடலாம் என்பது என் கட்சி. நாள் முழுக்கக் கையில் இருப்பது அதுதான்.

காரில் கட்டுவதற்குப் பட்டை வாங்கிய கடையில் ஒரு பையன் சொல்லித்தந்தான்: பட்டையைக் கட்டும்போது ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள். நேராகக் கட்டினால் 407 நெடுஞ்சாலையில் வேகம் பிடிக்கும்போது காற்றில் அதிர்ந்து கத்தும். முறுக்கினால் சத்தம் இல்லை. இதற்காக அந்தப் பையனை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

குளிர்காலம் முழுக்கக் கயாக் சுவரில் இருந்தது. பனி அள்ளப் போகும்போதெல்லாம் தட்டிப் பார்ப்பேன். அந்த நேரத்தில்தான் கூட்டாளிமார் பட்டியல் போட்டார்கள். மீன் காட்டும் கருவி, நாலு தடி தாங்கி, மின்மோட்டார். (மின்மோட்டார் பூட்டினால் கனடாவில் அது மோட்டார்ப் படகு. ஓட்டுநர் அட்டை எடுக்க வேண்டும். துடுப்போடு நின்றால் அந்த அட்டை தேவையில்லை. மீன்பிடி அனுமதி மட்டும்.) நான் வாங்கியது ஒரு பால் கூடை. அதை நாற்காலிக்குப் பின்னால் றப்பர்க் கயிற்றால் கட்டினேன். துடுப்பைத் தோணியோடு பிணைக்க ஒரு சுருள்கயிறு. சின்ன மடக்கு நங்கூரம். அப்படியும் முதல் நாள் நான் சாமான் ஏற்றுவதைப் பார்த்து அண்ணை, "தம்பி, மீன் பிடிக்கப் போறீரோ, கலியாண வீட்டுக்குப் போறீரோ?" என்று கேட்டார்.

மனைவியின் மூன்றாவது கேள்வி மிச்சம் இருந்தது. அதற்குச் சிம்கோ ஏரியின் தென்கரையில் சிப்பல்ட் பொயின்ற் என்ற, கடற்கரைமாதிரி மணல் உள்ள இடம் வசதியாக இருந்தது. ஜூலையில், நெஞ்சளவு தண்ணீரில், வேண்டுமென்றே கவிழ்த்தேன். அண்ணை கரையில் நாற்காலி போட்டிருந்து கட்டளை இட்டார். முதலில் தோணியை நிமிர்த்து. நடுப்பக்கமாக வா. அடுத்த விளிம்பை எட்டிப் பிடி. காலால் நீச்சலடித்து மேலே தள்ளு. வயிறு முதலில் தட்டில் விழட்டும். பிறகு புரள். பிறகு இரு. முழங்காலை முதலில் போட நினைத்தால் தோணி மறுபடி உன்மேல் வரும். மயிலிட்டியில் பொடியன்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லையாம், தள்ளிவிடுவார்களாம். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏறி இருந்ததும், "இன்னொருக்கா செய்யுங்கோ," என்றாள்.

அதன்பிறகு பாசி விளிம்புக்குப் போனேன். காற்று வந்தால் இந்தக் கயாக் சருகு என்பது உண்மை. நங்கூரம் போடாமல் ஓரிடத்தில் நிற்காது. மிதிக்கிற கயாக்கில் பார்த்த சுகம் இதில் இல்லை. ஆனால் அந்தத் தகடும் விசிறியும் ஸ்கூகொக் பாசியில் என்ன பாடுபடும் என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டேன். கரையில் நின்று கேட்ட சத்தத்தின் மேலேயே இப்போது மிதக்கிறேன். லார்ஜ்மவுத் பாஸ் கிடைக்கிறது. சன்ஃபிஷ் கிடைத்தால் மிளகாய்த்தூள் பூசிப் பொரிக்க வீட்டுக்கு வருகிறது. வால்ஐ மீன் கொழுவினால் அந்த நிமிடமே விட்டுவிட வேண்டும். அந்த ஏரியில் அதற்கு 2016 முதல் வருடம் முழுக்கத் தடை. அண்ணைக்கும் ஒருநாள் துடுப்பைக் கொடுத்தேன். அரைமணி நேரம் கழித்து வந்து, "பரவாயில்லை," என்றார். அவர் வாயில் அது பெரிய சொல்.

இந்த வசந்தத்தில் கயாக் வாங்க நினைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கனடாச் சட்டப்படி கயாக்கில் இருக்க வேண்டியவை: அளவான லைஃப் ஜாக்கெட், மிதக்கும் கயிறு 15 மீற்றர், ஊதுகுழல், இருட்டினால் விளக்கு. உள்ளே உட்காரும் வகையென்றால் தண்ணீர் அள்ள ஏதாவது. ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதும். தண்ணீருக்குப் போதாது. மனிடோபாப் பல்கலைக்கழகத்தில் குளிர்நீர் பற்றி ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிறெக்ட் ஒரு கணக்குச் சொல்கிறார்: பனிக்குளிர்த் தண்ணீரில் விழுந்தால் மூச்சு வசப்பட ஒரு நிமிடம், கைகால் சொன்னதைக் கேட்பது பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் ஜாக்கெட் போட்டவனுக்குத்தான். மே மாதத்தில் வெயில் இருபது பாகை காட்டும். பனி உருகி ஒரு மாதம்கூட ஆகாத தண்ணீருக்கு அது தெரியாது. அதனால் கயாக்குக்கு முன் ஜாக்கெட்டை வாங்குங்கள். நாற்காலியில் இருந்து கைவீசி எறிந்து பார்த்து, தோளில் இடிக்காததாக வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டே கரையை விடுங்கள்.